மழை லீவும் நாமும்: தீர்மானப் புத்தகம் சொல்லும் கதை



மலர்க் குழுவினர் என்னிடம் கூட்டமைப்பின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு வங்கிக் கடன் என்பதையெல்லாம் தலைவியும் கணக்காளரும் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அதையே நானும் எழுத வேண்டாம் என்று பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு புரட்டினேன். சிலது கரையான் அரித்திருக்கிறது, சிலது வெள்ளத்தில் நனைந்து மை ஓடியிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் கூட்டங்களில் "மழை லீவு" என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. அதன் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கடலூர் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் பெய்யும். தமிழ்நாட்டின் ஒரு வருஷத்து மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். கடலோர மாவட்டமான நமக்கு இன்னும் கூடுதல். புயல் வருவதும் இந்த நாட்களில்தான். வீராணம் ஏரிப் பாசனத்தில் சம்பா நடவும் களையும் நடப்பதும் இதே நாட்களில்தான். பெண்களுக்கு வருஷத்திலேயே கூடுதலாக வேலை கிடைக்கும் மாதங்களும், பள்ளிக்கூடத்துக்கு அதிகமாக லீவு விடும் மாதங்களும் ஒன்றாக அமைந்துபோனது. வயல் வேலைக்குப் போகிற நம்மைப் போன்ற தாய்மாருக்குக் கஷ்டம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

லீவு விட்டால் மூத்த பெண்தான்

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1984இல் நான் ஆறாம் வகுப்பு. இந்திரா காந்தி அம்மா சுடப்பட்ட வருஷம் என்றால் வயதானவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்தே அடைமழை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு கீற்றுக் கொட்டகை. ஒழுக ஆரம்பித்தால் வாத்தியார் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முன்கூட்டியே அறிவிப்பு எதுவும் கிடையாது. பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வருவோம்.

வீட்டில் அம்மா இருக்க மாட்டார். உரச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நடவுக்குப் போயிருப்பார். இரண்டு தம்பிகளையும் கைக்குழந்தைத் தங்கச்சியையும் நான்தான் பார்ப்பேன். பள்ளிக்கூடம் இருந்தால் சத்துணவு உண்டு. 1982இல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு மதியச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மழை லீவு என்றால் அந்தச் சோறும் இல்லை. பழைய சோறு மிச்சமிருந்தால் அது. இல்லையென்றால் அம்மா வரும்வரை தம்பிகள் அழுதுகொண்டே இருப்பார்கள்.

மழை விட்டது, பள்ளிக்கூடம் திறந்தது. நான் போகவில்லை. களை முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றார் அம்மா. பிறகு அறுப்பு முடியட்டும் என்றார். தை முடிந்து நான் போனபோது கணக்குப் பாடம் எங்கேயோ போயிருந்தது. வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். மறுநாள் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆனால் என் படிப்பு நின்றதற்கு யாராவது காரணம் கேட்டால் "மழை" என்றுதான் சொல்வேன். அந்தக் காலத்தில் என் வயதுப் பெண்கள் பலருக்கும் இதே கதைதான்.

2005: வாய்க்கால் ஓரம்

நம் குழு 1999இல் மகளிர் திட்டத்தின் கீழ் தொடங்கியது. 16 பேர் சேர்ந்தோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவள் என்பதால் என்னை ஊக்குநர் ஆக்கினார்கள். முதல் ஆறு வருஷத்துப் புத்தகத்தில் மழை லீவு என்பது அபராதப் பக்கத்தில் மட்டும்தான் வருகிறது. "மழை லீவில் பிள்ளையைப் பார்க்க வேண்டியிருந்ததால் கூட்டத்துக்கு வரவில்லை, அபராதம் 2 ரூபாய்" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

2005ஆம் வருஷம் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது இது. அன்று காலை ஆறு மணிக்கே நாங்கள் களைக்குப் போய்விட்டோம். ஏழு மணிக்கு மேல்தான் கலெக்டர் லீவு விட்ட செய்தி ஊருக்கு வந்தது. என் மகளுக்கு அப்போது 12 வயது. தன் தம்பியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் அவள் பொறுப்பில். அடுப்பில் கஞ்சி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாலு வயதுப் பையனைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் நிறைய தண்ணீர்.

எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துக் குதித்துத் தூக்கிவிட்டார். பையன் மூச்சு விட்டான், ஆனால் உடம்பு நீலம் பாரித்திருந்தது. என் மகள் வயலுக்கு ஓடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அங்கே டீச்சர் ஒருவர் இருந்தார். சிதம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறவர். லீவு செய்தி தெரியாமலே வந்துவிட்டு, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். அவர்தான் ஒரு டிவிஎஸ் வண்டியை நிறுத்திப் பையனை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். பையன் பிழைத்தான்.

நான் வயலிலிருந்து வந்ததும் முதலில் செய்தது என் மகளை அறைந்தது. "உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனோம்!" என்று கத்தினேன். அவள் அழவில்லை. "அம்மா, நாலு பேருல நான் யாரைன்னு பாக்குறது?" என்று கேட்டாள். எனக்கு வாய் அடைத்துப்போனது. 21 வருஷத்துக்கு முன்னால் நான் என் அம்மாவிடம் கேட்கத் தெரியாமல் போன கேள்வி அது.

டீச்சர் சொன்னது

அன்று சாயங்காலம் குழுக் கூட்டம் கூட்டினோம். கடைசி பஸ் வர நேரம் இருந்ததால் டீச்சரும் உட்கார்ந்திருந்தார். அக்கா ஒருத்தர் கோபத்தில் சொன்னார்: "தூறல் போட்டா லீவு விட்டுடறாங்க. உங்களுக்கென்ன டீச்சர், வீட்ல இருந்தாலும் சம்பளம். எங்களுக்குப் போனாத்தான் கூலி."

டீச்சர் கோபப்படவில்லை. அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். "அக்கா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு என் பொண்ணைத் தூங்குறவாட்டிலேயே பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன். அவளுக்கு அஞ்சு வயசு. அவ ஸ்கூலும் இன்னிக்கு லீவு. இப்ப மணி ஏழு, அவ சாப்பிட்டாளான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு விட்ட லீவுக்கு ஒரு சனிக்கிழமை வந்து பாடம் நடத்தணும். அன்னிக்கும் அவளைப் பக்கத்து வீட்லதான் விடணும். வெள்ளம் வந்தா இந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஜனங்களைத் தங்க வைப்பாங்க, அப்பவும் நாங்கதான் நிக்கணும்."

கூட்டம் அமைதியாகிவிட்டது. அதுவரை டீச்சரும் ஒரு வேலைக்குப் போகிற அம்மா என்று நாங்கள் யோசித்ததே இல்லை. கோபமாகப் பேசிய அக்காதான் எழுந்துபோய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

எட்டு ரூபாய்த் தீர்மானம்

அன்றைய தீர்மானம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. மழை லீவு நாட்களில் உறுப்பினர் இரண்டு பேர் முறை வைத்து வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மெத்தை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கூலி விஷயத்தில் சண்டை வந்தது. அப்போது எங்கள் ஊரில் பெண்களுக்குக் கூலி 40 ரூபாய். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பத்துப் பேர். ஆளுக்கு 5 ரூபாய் கொடுத்தால் 50 ரூபாய் வரும். இருக்கிற இரண்டு பேருக்கு 25, 25. அப்படியென்றால் வீட்டில் இருப்பவருக்கு 15 ரூபாய் நட்டம். "நம்ம பிள்ளையைப் பாக்க நாமளே காசு குடுக்கறதா?" என்று ஒருவர் கேட்டார். "அப்ப நீயே இரு, நாங்க போறோம்" என்றார் இன்னொருவர். கடைசியில் ஆளுக்கு 8 ரூபாய் என்று முடிவானது. 80 ரூபாய், இரண்டு பேருக்கும் முழுக் கூலி 40. வேலைக்குப் போனவர் கையில் 32 நின்றது. பிள்ளையைப் பார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று நாம் முதன்முதலில் எழுதி வைத்தது அன்றுதான்.

அடுத்த பிப்ரவரியில், 2006இல், 100 நாள் வேலைத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் நம் கடலூரும் ஒன்று. அந்தச் சட்டத்தில், வேலைத்தளத்துக்கு வரும் சிறு பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும், அவருக்கும் கூலி உண்டு என்று இருந்தது. பயிற்சியில் அதைச் சொன்னபோது நம் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "இதைத்தானே நாம எட்டு ரூவா போட்டு செஞ்சோம்!" என்றார்கள்.

செய்தி வரும் நேரம்

லீவு செய்தி வருவதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு ரேடியோவில் காலைச் செய்தி கேட்டவர் சொன்னால் உண்டு. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்தது, கீழே ஓடும் எழுத்தில் மாவட்டத்தின் பேர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது வாட்ஸ்அப். அதில் போன வருஷத்து அறிவிப்பையே தேதி மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நாள் அதை நம்பி ஊரே பிள்ளைகளை நிறுத்திவிட்டது, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. சில நாள் குறிப்பிட்ட வட்டத்துக்கு மட்டும் லீவு. சில நாள் தலைமையாசிரியர் பார்த்து முடிவு செய்யலாம் என்று இருக்கும்.

எப்படி வந்தாலும் நாம் கிளம்பும் நேரத்துக்குப் பிறகு வந்தால் பிரயோஜனமில்லை. அதனால் கூட்டமைப்பில் ஒரு ஏற்பாடு செய்தோம். மழை நாளில் செய்தி தெரியும்வரை முறைக்காரர் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பக் கூடாது. பள்ளி டீச்சரிடம் ஒருவர் மட்டும் போன் போட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். 16 பேரும் டீச்சருக்குப் போன் போட்டால் அவர் எப்படிக் கிளம்புவார்?

புயலும் வெள்ளமும்

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அரையாண்டு லீவு நேரம் என்பதால் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது. மரம் போனதும் அங்கே முந்திரி உடைக்கிற சகோதரிகளின் வேலையும் போனது.

2015இல் தீபாவளிக்கு முதல் நாள், நவம்பர் 9ஆம் தேதி, நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறக்க மாட்டார்கள். விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் வெள்ளம் உயிர்களையே கொண்டுபோனது. அதற்கப்புறம் டிசம்பர் வரை மழை விடவில்லை. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நம் ஊர்ப் பள்ளிக்கூடம் முகாம் ஆனது. முகாமுக்கு நம் உறுப்பினர்கள் சமைத்தார்கள், பெயர் எழுதுவதிலிருந்து பாய் கொடுப்பது வரை டீச்சர்கள் பார்த்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் முகாம் இருந்ததால் பள்ளி திறக்க முடியவில்லை.

அப்போது கூட்டமைப்பு எடுத்த தீர்மானம் இரண்டு. ஒன்று, வேலை இல்லாத மழை வாரங்களில் சந்தாவுக்கும் உள்கடன் தவணைக்கும் அபராதம் கிடையாது. இரண்டாவது, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் படிக்கக் கூட்டமைப்புக் கட்டடத்தின் ஒரு அறையை ஒதுக்குவது. முகாம் வேலை முடிந்து சாயங்காலம் டீச்சர் இரண்டு பேர் அங்கே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை.

லீவு விட்ட நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் பள்ளி நடக்க வேண்டும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை. "மழைக்குப் போன லீவுதானே" என்று அன்றைக்குப் பெண் பிள்ளையை வீட்டு வேலைக்கு நிறுத்திக்கொள்வது நம்மிடம் இன்னும் இருக்கிறது. என் படிப்பு போனது மழை நாளில் மட்டுமல்ல, மழை விட்ட பிறகு வந்த நாட்களில்தான். அதை யோசித்துப் பாருங்கள்.

இப்போது

2023 ஆகஸ்ட் 25இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு. அதைச் சமைப்பது நம் சுய உதவிக் குழுப் பெண்கள். விடியலிலேயே போய் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். அதனால் மழை லீவு இப்போது நம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிறது. அடுப்பில் உலை வைத்த பிறகு லீவு என்று தகவல் வந்த நாளும் உண்டு. லீவு என்றால் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு வேளை இல்லை, இரண்டு வேளைச் சாப்பாடு போகிறது. அதற்காக மழை நாள் வீட்டில் வீட்டுக்கு ஒரு ஆழாக்கு அரிசி போட்டுப் பொதுவாகக் கஞ்சி காய்ச்சுகிறோம். சமையல் தெரிந்த கைகள்தானே, ருசிக்குக் குறைவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, கடலூர், பண்ருட்டிப் பக்கத்துச் சகோதரிகள் மறுபடியும் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். நம் ஊர் அந்த முறை தப்பியது. அடுத்த முறை யாருக்கு என்று தெரியாது.

என் மகள் அதே பள்ளியில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை, ஏழு வயதில் ஒரு பெண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஒரு நாள் போன் செய்தாள். "அம்மா, ஸ்கூலுக்கு லீவு விட்டுட்டாங்க, கம்பெனிக்கு லீவு இல்ல. பக்கத்து வீட்ல யாரையும் தெரியாது. நான் என்ன பண்றது?" என்றாள். நான் பஸ் ஏறிப் போனேன். தாம்பரம் போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆனது. அதுவரை அவள் வேலைக்குப் போகவில்லை, அன்றைய சம்பளம் பிடித்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான், நம் எட்டு ரூபாய்த் தீர்மானம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது.

இன்று நம் கூட்டமைப்பில் எல்லாக் குழுக்களிலும் இந்த முறை இல்லை. நாலைந்து குழுக்களில் நின்றே போய்விட்டது. "இப்பல்லாம் யாரு வயலுக்குப் போறாங்க" என்கிறார்கள். வயலுக்குப் போகாவிட்டாலும் கடைக்கும் கம்பெனிக்கும் போகிறோம். லீவு விட்ட நாளில் எட்டாம் வகுப்புப் பெண்தான் இன்னும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் வரும் புரட்டாசி மாதக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் வைக்கப் போகிறேன். ஒவ்வொரு குழுவும் மழைக்கு முன்பே முறைப் பட்டியல் எழுதி ஒட்ட வேண்டும். இருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையை இன்றைய கூலிக்குத் தக்கபடி மாற்றி எழுத வேண்டும். மழை விட்ட மறுநாள், பள்ளிக்குத் திரும்பாத பெண் பிள்ளை எந்த வீட்டில் என்று ஊக்குநர் பார்த்துப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். டீச்சர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் யாராவது வேண்டுமே.

வந்து கையெழுத்துப் போடுங்கள், சகோதரிகளே. மழை வருவதற்குள் எழுதிவிடுவோம்.